இரவில் வீடு எழுப்பும் சத்தங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியிருப்புப் பேட்டைகளில் தண்ணீர்க் குழாய், பம்பு பராமரிப்பு வேலையில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும் என்னைப் பார்த்ததும் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, ராத்திரியில் எங்கள் வீட்டுக்கு மேலே கோலிக்குண்டு உருளுகிறதே, அது என்ன?" என்று கேட்டுவிடுவார்கள். அப்படிக் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். சிங்கப்பூரில் 10 பேரில் ஏறத்தாழ 8 பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வாழ்வதால் பெரும்பாலும் அந்த வீடுகளைப் பற்றியே பேசுகிறேன்.

காரணம் தெரியாத ஒரு சத்தத்துக்காக மேல்வீட்டாரோடு முகம் கொடுத்துப் பேசாமல் ஆண்டுக்கணக்கில் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தமே என்னை எழுத உட்கார வைத்தது.

பகலெல்லாம் கேட்காத சத்தம் படுத்த பிறகு மட்டும் ஏன் கேட்கிறது?

அவற்றில் பல பகலிலும் இருக்கின்றன. பஸ்ஸின் இரைச்சல், தொலைக்காட்சி, அடுப்படியில் தாளிப்பு, தாழ்வாரத்தில் ஓடும் பிள்ளைகள் என எல்லாம் சேர்ந்து அவற்றை மூடிவிடுகின்றன. இரவு 11 மணிக்கு மேல் அந்த மூடல் விலகுகிறது. கூடவே, படுத்த பின் செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் மனம் முழுவதும் காதில் வந்து குவிகிறது.

சில சத்தங்கள் உண்மையிலேயே இரவுக்கு உரியவை. பகல் முழுவதும் வெயில் குடித்த சுவரும் தளமும் இரவில்தான் சுருங்குகின்றன. நிழலில் நடக்கும் நமக்குப் பகல் 32 டிகிரி, இரவு 25 டிகிரி என்று தோன்றினாலும், மேற்கு வெயில் நேராக விழும் சுவரின் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். 10 மீட்டர் நீளக் கான்கிரீட் 5 டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் சுருங்கும். அரை மில்லிமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். டன் கணக்கில் எடையுள்ள ஒன்று, பிடித்து வைத்திருக்கும் இடத்திலிருந்து அந்த அளவு சட்டென்று நழுவினால் 'டக்' என்று கேட்கத்தான் செய்யும்.

வெளிச்சத்தங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. காற்று அசையாத இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ளது சற்றுச் சூடாகவும் இருக்கும்போது, ஒலி மேலே போய்க் கரையாமல் வளைந்து தரைப்பக்கம் திரும்புகிறது. பகலில் கேட்காத விரைவுச்சாலை நள்ளிரவில் பக்கத்தில் இருப்பதுபோல் கேட்பது இதனால்தான்.

முதலில் ஒன்று செய்து பாருங்கள். கட்டிலின் தலைமாட்டுப் பலகை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். சுவரில் வரும் அதிர்வு பலகை வழியாகத் தலையணை வரை வந்துகொண்டிருக்கும். இதை மட்டும் செய்து நிம்மதியாகத் தூங்கியவர்கள் உண்டு.

மேல்தளத்தில் கோலிக்குண்டு விழுந்து உருளும் சத்தம் எது?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. 'டக்... டக்.. டக் டக்' என்று விழுந்து, துள்ளி, அடங்கும். மேல்வீட்டில் சிறுவர்கள் இல்லை. சில வீடுகளில் மேலே வீடே இல்லை. ஆகவே அந்தக் காலத்தில் செத்துப்போன ஒரு சிறுவன் இன்னும் விளையாடுகிறான் என்று கதை கிளம்பிவிடுகிறது. ஹாங்காங்கிலும் தைவானிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழ்பவர்கள் இதே சத்தத்தைக் கேட்டு இதே போன்ற கதைகளைச் சொல்கிறார்கள். ஒரே மாதிரி கட்டப்பட்ட வீடுகள் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம் இந்தச் சத்தம் இருக்கிறது என்பதே பாதி விடை.

மீதிப் பாதி குழாயில் இருக்கிறது. குழாயில் ஓடும் தண்ணீர் எடையுள்ள பொருள். சலவை இயந்திரத்தின் வால்வோ கழிவறைத் தொட்டியின் மிதவை வால்வோ சட்டென்று மூடிக்கொள்ளும்போது, ஓடிவந்த தண்ணீர் முட்டி நிற்கிறது. அந்த அதிர்ச்சி அலை வினாடிக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலான வேகத்தில் குழாயின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையே போய்ப் போய் வருகிறது. ஒவ்வொரு முறையும் வலு குறைகிறது. குழாயைச் சுவரோடு பிடிக்கும் கிளிப் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு முறையும் குழாய் சுவரில் ஒரு தட்டுத் தட்டுகிறது. முதல் தட்டு பலமாகவும் அடுத்தவை மெல்ல மெல்லக் குறைந்தும் வருவதால், துள்ளி அடங்கும் குண்டு போலவே கேட்கிறது. குழாய்க்குள் காற்று சிக்கியிருந்தால் இன்னும் மோசம். குளிர்ந்து சுருங்கும் கான்கிரீட்டும் அதனுள் இருக்கும் கம்பியும் எழுப்பும் சத்தம் இதோடு சேர்ந்துகொள்கிறது.

தோ பாயோவில் ஒரு வீட்டை மறக்க முடியாது. உச்சி மாடி. அதற்கு மேல் மொட்டைமாடியும் தண்ணீர்த் தொட்டிகளும்தான். வீட்டுக்காரரும் நானும் இரவு 11 மணிக்குச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தோம். எவர்சில்வர் டம்ளரின் வாயைக் குழாய்மேல் வைத்து, அடிப்பக்கத்தில் என் காதை ஒட்டினேன். 11.40க்குக் கீழே எங்கோ ஒரு சலவை இயந்திரம் தண்ணீர் பிடிக்கத் தொடங்கியது. குழாய்க்குள் சன்னமான ஓட்டம். அது நின்ற அதே நொடியில் டம்ளருக்குள் 'டங்' என்று விழுந்தது. எங்கள் தலைக்கு மேலே கோலிக்குண்டு உருண்டது. டம்ளரை அவரிடம் கொடுத்தேன். அடுத்த முறை தண்ணீர் நின்றபோது அவர் முகத்தைப் பார்த்தேன். 6 ஆண்டுகளாகத் தன் படுக்கையறையில் படுக்காமல் கூடத்தில் படுத்தவர் அவர்.

உங்கள் வீட்டுக் குழாய்தானா என்று அறிய, படுக்கும் முன் தண்ணீர் மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள வால்வை மூடிவிடுங்கள். சத்தம் நின்றால் உங்கள் குழாய். நிற்காவிட்டால் கட்டடத்தின் பொதுக் குழாய் அல்லது பக்கத்து வீட்டுக் குழாய். உங்களுடையதாக இருந்தால் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளர் கிளிப்புகளை இறுக்கி, வால்வை மாற்றி, தேவைப்பட்டால் அதிர்ச்சியைத் தாங்கும் சிறு கருவி ஒன்றைப் பொருத்துவார்.

மேல்வீட்டுக்காரர் வேண்டுமென்றே நாற்காலியை இழுக்கிறார். எப்படி நிரூபிப்பது?

நிரூபிக்கும் முன், மேல்வீடுதானா என்று பாருங்கள். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். கான்கிரீட்டில் 3,000 மீட்டருக்கும் மேல். தளமும் சுவரும் தூணும் ஒன்றாக வார்க்கப்பட்ட கட்டடத்தில், இரண்டு மாடிக்கு மேலே மூலையில் விழுந்த இரும்புச் சட்டியின் சத்தம் உங்கள் கூரையிலிருந்தே வருவதுபோல் இருக்கும். சத்தம் வரும் திசையை இங்கே காதால் தீர்மானிக்க முடியாது. நானே பல முறை ஏமாந்திருக்கிறேன். கீழ்வீட்டிலிருந்து வந்த சத்தத்துக்காக மேல்வீட்டுக் கதவைத் தட்டியவர்களும் உண்டு.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் 7 நாள்களுக்கு எழுதுங்கள்: மணி, எத்தனை தடவை, எவ்வளவு நேரம், எப்படிப்பட்ட சத்தம். மனிதர் செய்யும் சத்தம் நாளுக்கு நாள் மாறும். கருவி செய்வது ஏறத்தாழ ஒரே இடைவெளியில் வரும். சுவர் சுருங்குவது வெயில் அடித்த நாள்களில் கூடி, மழை நாள்களில் குறையும். அந்த 7 நாள் கணக்கு பாதி வழக்கைத் தீர்த்துவிடும்.

ஈசூனில் என் உறவுக்காரப் பெண் ஒருத்தி இப்படி எழுதி வைத்திருந்தாள். ஒவ்வோர் இரவும் 2 மணிவாக்கில் ஒன்று, 4.30 மணிக்கு ஒன்று. 'டொக், சர்ர்... டொக், சர்ர்' என்று ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரம் வரை போய், சில நிமிடங்கள் கழித்துத் திரும்பி வரும். "மாமா, வேண்டுமென்றே மரச்சாமானை இழுத்து எங்களை எழுப்புகிறார்கள்" என்றாள். மேலே போய் மரியாதையாகக் கேட்டோம். கதவைத் திறந்த சீனப் பெண்மணி ஒன்றும் சொல்லாமல் உள்ளே கைகாட்டினார். 80 வயதைத் தாண்டிய அவர் தாயார், நான்கு கால் உள்ள அலுமினிய நடைச்சட்டத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார். இரவில் இரண்டு முறை கழிவறைக்குப் போகிறார். சட்டத்தைத் தூக்கி வைக்கத் தெம்பு இல்லாததால் பின்கால்களை இழுக்கிறார். கால்களின் ரப்பர் தேய்ந்து உலோகம் வெளியே தெரிந்தது. மறுநாள் என் உறவுக்காரப் பெண்ணே நான்கு ரப்பர் மூடிகளை வாங்கிக்கொண்டு மேலே போனாள். இப்போது தீபாவளிக்கு முறுக்கு மேலே போகிறது, சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு கீழே வருகிறது.

நாற்காலிக் கால்களுக்கு ஒட்டும் துணிப்பட்டைகள் சில வெள்ளிக்குள் கிடைக்கின்றன. புகார் சொல்லப் போகும்போது ஒரு பொட்டலம் கையில் கொண்டுபோவது நல்லது.

இரவில் இடிப்பது போன்ற சத்தம்?

பெரும்பாலும் உரல்தான். சம்பால் இடிக்கும் மலாய் வீடு, மிளகு தட்டும் நம் வீடு, பூண்டு நசுக்கும் சீன வீடு என எல்லார் வீட்டிலும் கல் உரல் இருக்கிறது. அடியில் மடித்த ஈரத்துணியை வைத்து, தரையின் நடுவில் வைக்காமல் சுவரோரம் வைத்து இடித்தால் கீழ்வீட்டில் சத்தம் நன்றாகக் குறையும். கீழே இருப்பவர்களுக்காக இதை நாம் முதலில் செய்யலாம்.

சுவருக்குள் தண்ணீர் ஓடுகிறது. கசிவா?

வீவக கட்டடங்களில் கீழ்மாடிகளுக்குத் தண்ணீர் நேரடியாகப் பொதுக்குழாயிலிருந்தும் மேல்மாடிகளுக்கு மொட்டைமாடித் தொட்டிகளிலிருந்தும் வருகிறது. தொட்டியில் மட்டம் இறங்கினால் கீழே உள்ள பம்பு தானாக ஓடி நிரப்பும். அது நள்ளிரவிலும் நடக்கலாம். தொட்டிக்கு நேர் கீழே உள்ள மாடிகளில் அழுத்தம் போதாது என்பதால் அங்கே தனியாக அழுத்தம் கூட்டும் பம்பு இருக்கும். உச்சி மாடிகளில் கேட்கும் 'ம்ம்ம்' என்ற முனகல் பெரும்பாலும் அதுதான். பம்பின் தாங்கு உருளை (பேரிங்) தேய்ந்தால் முனகல் அலறலாக மாறும். அப்போது நகர மன்றத்துக்குத் தெரிவியுங்கள், சரிசெய்வார்கள். 'குளுக் குளுக்' என்பது கழிவுநீர்க் குழாயில் காற்றும் நீரும் இடம் மாறுவது. உங்கள் தரைச் சாக்கடையில் மட்டும் அப்படிக் கேட்டு, தண்ணீரும் மெதுவாக இறங்கினால் அடைப்பு தொடங்கிவிட்டது.

கசிவா என்று அறிவது எளிது. எல்லாக் குழாய்களையும் மூடி, மீட்டர் எண்ணைக் குறித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் கசிவு. கூரையிலிருந்து சொட்டினால் மேல்வீடும் கீழ்வீடும் சேர்ந்தே பொறுப்பு. வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்துக்குத் தகுதி இருந்தால் செலவில் பாதியை வீவக ஏற்கிறது. மீதியை இரு வீட்டாரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

அலமாரி, ஏர்கான், ஃபிரிட்ஜ் எல்லாம் ஏன் நள்ளிரவில் முறிவதுபோல் சத்தம் போடுகின்றன?

ஏர்கான் காற்றைக் குளிர்விப்பதோடு உலர்த்தவும் செய்கிறது. நம் ஊர் ஈரத்தில் ஊறியிருக்கும் மரப்பலகை அந்த உலர்ந்த காற்றில் சுருங்கி மூட்டுகளில் நெரிகிறது. ஏர்கானை நிறுத்தியதும் அதன் பிளாஸ்டிக் உறை சூடேறி விரிந்து 'டிக், டிக்' என்கிறது. சுவருக்கு வெளியே பொருத்தியுள்ள இயந்திரத்தின் அடியில் உள்ள ரப்பர் கெட்டிப்பட்டுப் போனால் அதன் அதிர்வு சுவர் வழியாக உள்ளே வரும். சர்வீஸுக்கு வருபவரிடம் அந்த ரப்பரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபிரிட்ஜ் பனியை உருக்கும்போது உள்ளே பிளாஸ்டிக் விரிந்து, துப்பாக்கி சுட்டதுபோல் ஒரு 'டப்' வரும். பழுது இல்லை.

நள்ளிரவில் தரை டைல்ஸ் வெடித்து எழும்பிவிட்டது. நிலநடுக்கமா?

இல்லை. டைல்ஸுக்கும் அடியில் உள்ள சிமென்ட் பூச்சுக்கும் இடையே பிடிப்பு பல ஆண்டுகளில் தளர்ந்திருக்கும். தளம் சுருங்கும்போது டைல்ஸ்கள் ஒன்றையொன்று நெருக்கி, இடம் போதாமல் கூடாரம்போல் மேலெழும். 2018 ஜனவரியில் நாள்கணக்கில் மழை பெய்து வெப்பநிலை 22 டிகிரிக்கும் கீழே இறங்கியபோது தீவு முழுவதும் பல வீடுகளில் இது நடந்தது. எழும்பிய ஓடுகளின் விளிம்பு கத்திபோல் இருக்கும். மேல் ஒட்டும் நாடாவை ஒட்டி, பிள்ளைகளை விலக்கி வைத்துவிட்டு, வீவக கிளையில் சொல்லுங்கள். எழும்பாத ஓடுகளை நாணயத்தால் தட்டிப் பார்த்தால், வெற்றாக ஒலிப்பது அடுத்து எழும்பக்கூடியது.

பல்லி சொல்வது நல்லதா கெட்டதா?

நம் வீட்டுப் பல்லி தன் இடத்தை மற்ற பல்லிகளுக்கு அறிவிக்கவும் துணையை அழைக்கவும் 'ச்சக் ச்சக் ச்சக்' என்கிறது. மலாய்க்காரர்கள் அந்தச் சத்தத்தை வைத்தே அதற்கு 'சிச்சாக்' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். சங்கப் பாடல்களில் சுவர்ப்பல்லியின் சொல் பிரிந்திருக்கும் தலைவிக்கு ஆறுதலாக வரும். எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். கொசுவையும் ஈசலையும் தின்கிறது. இருக்கட்டும்.

வெளியே யாரோ மரத்தில் சுத்தியால் அடிக்கிறார்கள், மாடு கத்துகிறது, குழந்தை அழுகிறது...

சுத்தியடி போல் சீரான இடைவெளியில் 'டொக்... டொக்... டொக்' என்று வந்தால் அது பக்கிப் பறவை. பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் ஒட்டிய புளோக்குகளில் அந்தி சாய்ந்ததும் தொடங்கிவிடும். பகலில் சருகுகளுக்கு நடுவே சருகுபோலவே படுத்திருப்பதால் யார் கண்ணிலும் படாது. இடுகாட்டுப் பக்கம் கேட்பதால் மலாயில் இதைக் குழி வெட்டுபவன் என்ற பொருளில் அழைப்பவர்களும் உண்டு. அந்தப் பெயரே பலரைப் பயமுறுத்தியிருக்கிறது. பூச்சி தின்னும் சாதுவான பறவை அது.

பெருமழைக்குப் பிறகு கால்வாயிலிருந்து கன்றுக்குட்டி கத்துவதுபோல் வந்தால் தவளை. முதுகின் இருபுறமும் பழுப்புமஞ்சள் பட்டை உள்ள குண்டுத் தவளை, உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆண் தவளைகள் உடம்பை ஊதி மிதந்துகொண்டு பெண்ணை அழைக்கின்றன. குழந்தை அழுவதுபோல் கேட்பது பூனைகளின் சண்டை அல்லது இணைசேரும் காலம்.

விடிவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே படிப்படியாக உச்சத்துக்கு ஏறும் 'கூவூ, கூவூ' குயில். இங்கே குயிலைத் திட்டாதவர்கள் குறைவு. காகங்கள் இருக்குமிடத்தில் குயில்களும் இருக்கும், பெரும்பாலும் காக்கைக் கூட்டில் முட்டையிடும். தமிழ்க் காதுக்கு இது ஊரில் கேட்ட குரல். இதைக் கேட்டுத்தான் எங்கள் அம்மா அந்தக் காலத்தில் கோலம் போட எழுந்திருப்பார்.

தரைவீட்டில் இருக்கிறோம். கூரைமேல் யாரோ நடக்கிறார்கள்.

மரநாயாக இருக்கலாம். சிக்லாப், ஒப்பேரா எஸ்டேட் பக்கங்களில் கூரைகளில் அவை வாழ்வது நீண்டகாலமாகத் தெரிந்ததே. பூனையைவிடச் சற்று நீளமான உடல், கறுப்பு முகமூடி, நீண்ட வால். மாம்பழமும் ரம்புத்தானும் பழுக்கும் காலத்தில் நடமாட்டம் கூடும். உடைந்த கூரை ஓட்டை அடைத்து, கூரையைத் தொடும் கிளையை வெட்டி, கீழே விழுந்த பழங்களைப் பொறுக்கிவிட்டால் தானாக வேறிடம் போகும். பொறி வைத்துப் பிடிக்க வேண்டாம், காட்டுயிர்களைப் பிடிப்பதற்குச் சட்டம் இடம் தராது.

கதவை யாரோ தட்டுகிறார்கள், திறந்தால் யாருமில்லை. ஜன்னல் ஊளையிடுகிறது.

காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராவிலிருந்து புயல்காற்று வரிசையாக வந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ தீவைத் தாக்கும். தாழ்வாரத்தில் நுழையும் காற்று அறையின் அழுத்தத்தை மாற்றும்போது, தாழ்ப்பாளில் கொஞ்சம் இடைவெளி உள்ள கதவு சட்டத்தில் மோதும். சட்டத்தின் உட்பக்கம் நுரைப்பட்டையை ஒட்டினால் தட்டுவது நிற்கும். ஊளை, ஜன்னல் விளிம்பில் மயிரிழை இடைவெளி இருப்பதற்கு அடையாளம்.

வெளிப்புறம் திறக்கும் ஜன்னல் கடகடத்தால் அலட்சியப்படுத்தக் கூடாது. அந்த வகை ஜன்னல்களில் அலுமினிய ரிவெட்டுகளைத் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டுகளாக மாற்றுவது 2004 முதல் கட்டாயம். 20 மாடியிலிருந்து விழும் ஜன்னல் யார் தலையில் விழும் என்று நினைத்துப் பாருங்கள்.

குப்பைக் குழாயில் ஏதோ உருண்டு விழுகிறது.

நள்ளிரவில் யாரோ புட்டியைப் போட்டிருக்கிறார்கள். 1989க்கு முன் கட்டிய புளோக்குகளில் ஒவ்வொரு சமையலறையிலும் குப்பைக் குழாயின் வாய் இருப்பதால் 10 மாடிக்குச் சத்தம் போகும். இரவில் புட்டியைப் போடாதீர்கள். காலையில் மறுசுழற்சித் தொட்டிக்குக் கொண்டுபோங்கள்.

தலைக்குள் வெடிகுண்டு வெடித்தது. வீட்டில் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

இதைச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் பலர். பைத்தியம் என்பார்களோ என்று பயம். தூக்கத்துக்குள் நழுவும் அந்தக் கணத்தில் மூளையின் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்க வேண்டும். சில சமயம் கேட்கும் பகுதி முறைப்படி அடங்காமல், இல்லாத ஒரு பெருஞ்சத்தத்தை உண்டாக்கிவிடுகிறது. வெடிச்சத்தம், கதவு அறையும் சத்தம், பெயர் சொல்லிக் கூப்பிடுவது எனப் பலவிதம். 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். 1988இல் பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் ஒருவர் இதற்குத் 'தலை வெடிப்பது' என்ற பொருளில் பெயரிட்டு எழுதினார். வலி இருக்காது, ஆபத்தும் இல்லை. தூக்கக் குறைவும் மனக்கவலையும் இருக்கும்போது கூடுதலாக வரும். வலியோடு வந்தாலும் கை கால் மரத்துப்போனாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அமுக்குவான் பேய் என்று நம் பாட்டிகள் சொன்னதும் இதன் உறவு. கனவு காணும் தூக்கத்தில் உடல் அசையாதபடி மூளை கட்டி வைத்திருக்கும். கட்டு அவிழும் முன் விழிப்பு வந்துவிட்டால் கை கால் அசையாது, நெஞ்சு அழுத்தும், காலடிச் சத்தம்கூடக் கேட்கும். ஓரிரு நிமிடத்தில் விலகிவிடும். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள்.

சீனர்களின் ஏழாம் மாதத்தில் சத்தம் கூடுகிறதே?

செத்தவர்களின் ஆவிகள் வந்து போவதாகச் சீனர்கள் நம்பும் மாதம் அது. ஆடி, ஆவணியை ஒட்டி வரும் அந்த மாதத்தில் கீழே தகர உருளைகளில் காகிதம் எரிக்கிறார்கள், கேத்தாய் மேடைப் பாட்டு நடக்கிறது, படையல் மேசைகளை இழுக்கிறார்கள். அந்த உருளைகளின் மூடிகள் இரவெல்லாம் சூடாறிச் சுருங்கி 'டங்' என்னும். தென்மேற்குப் பருவக்காற்றும் அப்போதுதான். முன்னோர்க்குச் செய்யும் மரியாதையை நான் மதிக்கிறேன், ஆடி அமாவாசைக்கு நானும் விரதம் இருக்கிறேன். வழிபடுங்கள். குழாயையும் பாருங்கள்.

5 வயதுப் பிள்ளை பயந்து தூங்க மறுக்கிறாள். என்ன சொல்வது?

"பூச்சாண்டி வருகிறான், கண்ணை மூடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அன்றைக்குத் தூங்குவாள். அடுத்த நாள் முதல் ஒவ்வொரு சத்தமும் பூச்சாண்டியாகிவிடும். "ஒன்றுமில்லை, தூங்கு" என்பதும் பயன் தராது. அவளுக்குக் கேட்கிறது. ஒன்றுமில்லை என்றால் தன் காதை நம்புவதா, அம்மாவை நம்புவதா என்று குழம்புவாள்.

என் பேத்தி அப்படி அழுதபோது கைவிளக்கைக் கொடுத்து, "வா, எங்கே என்று பார்ப்போம்" என்றேன். இருவரும் வெறுங்காலோடு சமையலறைக்குப் போனோம். ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் அவள் உள்ளங்கையை வைத்தேன். 'உர்ர்' என்ற அதிர்வு விரல்களில் ஏறியது. சட்டென்று கையை எடுத்தவள், மறுபடி தானே வைத்தாள். பிறகு கன்னத்தை வைத்தாள். திடீரென்று அது நின்றதும், "தாத்தா, தூங்கிவிட்டது" என்றாள். அடுத்து வந்த இரவுகளில் குழாய், மின்தூக்கி, பல்லி என்று ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்தோம்.

எந்தச் சத்தத்துக்கு உடனே எழுந்திருக்க வேண்டும்?

எரிவாயு அடுப்புப் பக்கம் 'ஸ்ஸ்' என்ற சீறலும் வாடையும்: விளக்குப் பொத்தானைத் தொடாமல் வால்வை மூடி, ஜன்னல்களைத் திறந்து, வெளியே போய் 995ஐ (தீயணைப்பு, ஆம்புலன்ஸ் அவசர எண்) அழையுங்கள்.

மின்பெட்டியிலோ பிளக் பொருத்தும் இடத்திலோ 'ஜ்ஜ்ஜ்' என்ற ரீங்காரம், சூடு, கருகிய வாடை: பயமின்றிச் செய்ய முடிந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். புகை வந்தால் 995.

கூரையிலிருந்து காரை விழும் 'பொத்' சத்தம்: உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து கான்கிரீட்டைத் தள்ளுகிறது. பழைய வீடுகளின் குளியலறையிலும் சமையலறையிலும் அதிகம். மேலும் விழக்கூடிய இடத்துக்குக் கீழே படுக்கையைப் போடாதீர்கள்.

பேசியும் பக்கத்து வீட்டார் கேட்கவில்லை. சட்டம் என்ன சொல்கிறது?

இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை அமைதி காக்கும்படி வீவக நீண்டகாலமாக அறிவுறுத்தி வந்தது. அக்கம்பக்க இரைச்சல் குறித்து 2022இல் அமைக்கப்பட்ட சமூக ஆலோசனைக் குழு அதை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்கப் பரிந்துரைத்தது. வீவக வீட்டுப் புதுப்பிப்பில் உடைப்பது, துளையிடுவது போன்ற பெருஞ்சத்த வேலைகளை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் செய்யலாம்.

முதலில் வட்டாரத்தில் பொதுத்தொண்டு செய்யும் அடித்தள அமைப்பினர் ஒருவரைத் துணைக்கு வைத்துப் பேசுங்கள். பிறகு சமூக மத்தியஸ்த நிலையத்துக்குப் போகலாம். அங்கே பயிற்சி பெற்ற நடுவர் ஒருவர் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசவிடுவார். அதுவும் பலிக்காவிட்டால், 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட சமூகப் பூசல் தீர்ப்பு மன்றம் இருக்கிறது. நான் பார்த்தவரை, மன்றம் வரை போன பிறகு இரு வீட்டுப் பிள்ளைகளும் பேசிக்கொள்வதில்லை. நடைச்சட்டத்து ரப்பர் மூடிகளை நினைத்துக்கொண்டு இன்னொரு முறை நேரில் போய்ப் பாருங்கள்.

கைப்பேசியில் பதிவு செய்தால் ஆதாரமாகுமா?

கைப்பேசியின் ஒலிவாங்கி மனிதக் குரலுக்கு ஏற்றபடி செய்யப்பட்டது. பம்பின் முனகல், தளத்தின் அதிர்வு போன்ற தாழ்ந்த ஒலிகள் அதில் சரியாகப் பதிவாவதில்லை. உங்களுக்குப் பேரிடியாகக் கேட்டது பதிவில் ஒன்றுமில்லாமல் இருக்கும். பதிவு செய்வதானால் கைப்பேசியைச் சுவரிலோ தரையிலோ படும்படி வைத்து, தொடக்கத்தில் தேதியையும் மணியையும் உரக்கச் சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கள். பழுது பார்க்க வருபவருக்கு அதைவிட அந்த 7 நாள் நோட்டுப் புத்தகமே கைகொடுக்கும்.